வன்னியில் கணிதம் படித்தல்: தரம் 8 முதல் உயர்தரம் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

சாதாரண தரப் பெறுபேறு வெளியாகும் வாரத்தில் வன்னியில் எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரே கேள்விதான்: "கணிதமா, உயிரியலா, வர்த்தகமா, கலையா?" கேள்வி நியாயமானது. ஆனால் கேட்கப்படும் நேரம் பிந்திவிட்டது. ஒரு பிள்ளைக்கு உயர்தரக் கணிதப் பிரிவின் முதன்மைப் பாடமான இணைந்த கணிதம் ஒத்துவருமா என்பது, தரம் 8, 9 வகுப்புகளில் அட்சரகணிதம் எவ்வளவு கைவந்தது என்பதிலேயே பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது. சாதாரண தரத்தில் ஏ எடுத்த பிள்ளை உயர்தரத்தில் திணறுவதும், சீ எடுத்த பிள்ளை நிதானமாக மேலே வருவதும் இதனால்தான்.

வன்னியின் நிலைமை வேறு. இடப்பெயர்வுகளால் படிப்பு அறுந்துபோன பெற்றோர் இங்கே பலர். பிள்ளையின் கொப்பியைப் பார்த்துக் கணக்குச் சரியா பிழையா என்று சொல்ல அவர்களால் முடியாது. உயர்தரக் கணிதப் பிரிவு இல்லாத பாடசாலைகளே அதிகம். நன்றாகக் கற்பித்த ஆசிரியர் ஆண்டு நடுவில் இடமாற்றம் பெற்றுப் போய்விடுவார். எனவே கொழும்புக்கோ யாழ்ப்பாணத்துக்கோ எழுதப்பட்ட ஆலோசனை இங்கே அப்படியே பொருந்தாது. கீழே சொல்லியிருப்பவற்றைச் செய்யப் பெற்றோருக்குக் கணிதம் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

படி 1: பாதையை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

தரம் 11 வரை கணிதம் கட்டாயப் பாடம். எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே பாடத்திட்டம், ஒரே வினாத்தாள். தெரிவு என்பது தரம் 12 இல்தான் தொடங்குகிறது. சாதாரண தரத்தில் 75 புள்ளியிலிருந்து ஏ, 65 இலிருந்து பீ, 50 இலிருந்து சீ, 35 இலிருந்து எஸ். அதற்குக் கீழே டபிள்யூ, அதாவது சித்தியில்லை.

உயர்தரத்துக்குப் போவதற்கு முதன்மொழியும் கணிதமும் உட்பட ஆறு பாடங்களில் சித்தி வேண்டும். அவற்றில் குறைந்தது மூன்று பாடங்களில் சீ அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். கலைப் பிரிவில் தமிழும் வரலாறும் படிக்க விரும்பும் பிள்ளைக்கும் இந்தக் கதவு கணிதத்தின் ஊடாகத்தான் திறக்கிறது. கணிதப் பிரிவுக்குப் போகக் கணிதத்தில் குறைந்தது சீ தேவை. ஆனால் வெறும் சீயோடு போகிற பிள்ளை, படி 5 இல் சொல்லியிருக்கும் சோதனையைத் தவறாமல் செய்து பார்த்துவிட்டே போக வேண்டும்.

படி 2: தரம் 8, 9 – இங்கேதான் அத்திவாரம்

இந்த இரண்டு ஆண்டுகளையும் பெற்றோர் கவனிப்பதில்லை. ஐந்தாம் தரப் புலமைப்பரிசிலுக்கு ஓடிய ஓட்டம் முடிந்து, சாதாரண தரம் இன்னும் தூரத்தில் இருக்கும் காலம் இது. பிள்ளையும் ஆறுதலாக இருக்கும். ஆனால் திசைகொண்ட எண்கள் (நேர், மறை எண்கள்), பின்னங்கள், அட்சரகணிதக் கோவைகளை விரித்தலும் காரணிப்படுத்தலும், சமன்பாடு தீர்த்தல் என்ற நான்கும் இந்த வகுப்புகளில்தான் ஊன்றப்படுகின்றன. இவற்றில் ஒன்று ஆடினாலும் மேலே எழுப்புவது எல்லாம் ஆடும்.

ஒரு சிறு கணக்கைக் கொடுத்துப் பாருங்கள்: 7 − (3 − 5). சரியான விடை 9. தரம் 9 பிள்ளை −1 என்று எழுதினால், அடைப்புக்கு முன்னால் நிற்கும் கழித்தல் குறி உள்ளே இருக்கும் ஒவ்வோர் எண்ணையும் மாற்றும் என்பது அந்தப் பிள்ளைக்குப் பிடிபடவில்லை. இதைக் கவனக்குறைவு என்று தட்டிவிடாதீர்கள். இதே பிழைதான் இருபடிச் சமன்பாட்டிலும், பின்னர் வகையீட்டிலும் தொகையீட்டிலும் வேறு வேறு உருவத்தில் வந்து நிற்கும். அரையையும் மூன்றிலொன்றையும் கூட்டி ஐந்தில் இரண்டு என்று எழுதும் பிள்ளையும் அப்படித்தான். அதற்குப் பின்ன அட்டவணையை மனனம் செய்ய வைத்துப் பயனில்லை. ஒரு தோடம்பழத்தையோ ஒரு கயிற்றையோ வெட்டிக் காட்டித் தொடக்கத்திலிருந்து சொல்லிக்கொடுக்க வேண்டும்.

கணிதம் தெரியாத பெற்றோர் செய்யக்கூடியது கொப்பியைப் பார்ப்பது. விடை சரியா என்று பார்க்க வேண்டாம். வேறு மூன்று விடயங்களைப் பாருங்கள். ஒவ்வொரு கணக்கிலும் இடைப்படிகள் எழுதப்பட்டிருக்கின்றனவா, அல்லது கேள்விக்குக் கீழே நேரே விடை நிற்கிறதா? பிழை என்று ஆசிரியர் குறித்த கணக்கை அதன் கீழே பிள்ளை மறுபடி செய்திருக்கிறதா? கொப்பியில் இருப்பது பிள்ளையே செய்த கணக்கா, கரும்பலகையிலிருந்து பார்த்து எழுதியதா? மூன்றாவதைக் கண்டுபிடிப்பது எளிது. கொப்பியை மூடி வைத்து, அதில் உள்ள ஒரு கேள்வியை மட்டும் துண்டுத்தாளில் எழுதிக் கொடுங்கள். செய்துவிட்டால் அது பிள்ளையின் கணக்கு. முழித்தால் அது ஆசிரியரின் கணக்கு.

தனியார் வகுப்புகளின் பெரும் கேடு இதுதான். ஒரு மண்டபத்தில் பெருந்தொகையாகப் பிள்ளைகளை இருத்திக் கணக்குகள் வேகமாகச் செய்து காட்டப்படுகின்றன. பிள்ளைகள் அழகாகப் பார்த்து எழுதுகிறார்கள். கொப்பி நிறைகிறது, வீட்டில் திருப்தி, கையில் பயிற்சி இல்லை. தரம் 8, 9 பிள்ளைக்குத் தனியார் வகுப்பைவிட அரசு இலவசமாகத் தரும் பாடநூலின் பயிற்சிகளை ஒன்று விடாமல் செய்வதே மேல் என்பது என் உறுதியான கருத்து. பாடநூல் தொலைந்திருந்தால் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் தமிழிலேயே தரவிறக்கலாம். வீட்டில் இணைய வசதி குறைவென்றால் நகருக்குப் போகும் நாளில் கைபேசியில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: தரம் 10 இல் தொகுதிப் பாடங்கள்

கணிதத்தில் தெரிவு இல்லாவிட்டாலும் தொகுதிப் பாடங்களில் தெரிவு இருக்கிறது. தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பவியல், வணிகமும் கணக்கீட்டுக் கல்வியும், வடிவமைப்பும் இயந்திரத் தொழில்நுட்பவியலும் போன்றவை கணித நாட்டமுள்ள பிள்ளைக்குப் பிடிக்கும். ஆயினும் உயர்தரக் கணிதப் பிரிவுக்கு இவற்றில் எதுவும் முன்நிபந்தனை அல்ல. உங்கள் பாடசாலையில் எந்தப் பாடத்துக்கு நல்ல ஆசிரியர் இருக்கிறாரோ அதைத் தெரிவு செய்யுங்கள். நல்ல பெறுபேறு கிடைக்கும். இதற்காக இரவு முழுக்க யோசிக்கத் தேவையில்லை.

படி 4: சாதாரண தர வினாத்தாளைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

வினாத்தாள் இரண்டு. முதலாவதற்கு இரண்டு மணித்தியாலம். அதன் பகுதி அ இல் 25 சிறு வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் 2 புள்ளி. பகுதி ஆ இல் 5 கட்டமைப்பு வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் 10 புள்ளி. இரண்டாவது வினாத்தாளுக்கு மூன்று மணித்தியாலம். இரு பகுதிகளிலும் ஆறு ஆறு வினாக்கள் இருக்கும். ஒவ்வொரு பகுதியிலும் ஐந்துக்கு விடை எழுத வேண்டும், ஒவ்வொன்றுக்கும் 10 புள்ளி. இரு வினாத்தாளினதும் மொத்தம் 200. அதன் பாதியே இறுதிப் புள்ளி.

இந்தக் கணக்கைப் பிள்ளையோடு சேர்ந்து போட்டுப் பாருங்கள். சித்திக்கு 35 வேண்டும் என்றால் 200 இல் 70 தேவை. முதலாம் வினாத்தாளின் சிறு வினாக்களில் 18 ஐச் சரியாகச் செய்தால் 36. கட்டமைப்பு வினாக்களில் ஒவ்வொன்றின் முதற்படிகளையும் செய்து 14. இரண்டாம் வினாத்தாளில் 20. ஆக 70. "எனக்குக் கணிதம் வராது" என்று கைவிட்ட பிள்ளைக்கு இந்தக் கூட்டலைக் காட்டும்போது முகம் மாறும். எதிரே நிற்பது மலை அல்ல என்று அதற்கு அப்போதுதான் தெரிகிறது. வன்னியில் கணிதத்தில் சித்தியடையாமல் கதவடைபட்டு நிற்கும் பிள்ளைகள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தேவை புதிய பாடங்கள் அல்ல. 18 சிறு வினாக்களைத் திடமாகச் செய்யும் பயிற்சி.

இரண்டாம் வினாத்தாளில் சில வினாக்களின் வகை அநேகமாக மாறுவதில்லை. வரி, வட்டி, பங்கு பற்றிய நிதிக் கணக்கு ஒன்று. இருபடிச் சார்பின் வரைபு ஒன்று. கூட்டமாக்கிய தரவுகளின் இடை காணல் ஒன்று. கவராயமும் நேர்விளிம்பும் கொண்டு செய்யும் கேத்திரகணித அமைப்பு ஒன்று. விருத்திகள், தொடைகளும் நிகழ்தகவும், திரிகோணகணிதம், கனவளவோடு மடக்கை. இவற்றில் வரைபு, இடை, அமைப்பு மூன்றும் ஒழுங்கு தெரிந்தால் செய்துவிடக்கூடியவை. பயந்த பிள்ளை இவற்றிலிருந்து தொடங்கட்டும். அமைப்புக் கணக்கில் கவராயம் போட்ட வில்களை அழித்துவிட்டு அழகான உருவத்தை மட்டும் விடும் பிள்ளைகள் உண்டு. அந்த வில்களுக்குத்தான் புள்ளி, அழிக்க விடாதீர்கள்.

நிதிக் கணக்குகளை மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். தரம் 11 பாடத்தில் கடன் வட்டி கணிக்கும் பகுதி வருகிறது. குறைந்து செல்லும் மீதிக்கு வட்டி எப்படிக் கணிக்கப்படுகிறது என்பது அதில் தெளிவாக இருக்கிறது. நுண்கடன் தவணைப் புத்தகம் இல்லாத வீடு எங்கள் கிராமங்களில் அரிது. பிள்ளையை அந்தப் புத்தகத்தை எடுத்து, உண்மையில் எவ்வளவு வட்டி போகிறது என்று கணிக்கச் சொல்லுங்கள். பாடமும் விளங்கும், வீட்டுக்கும் விளங்கும். அம்மாவின் கையொப்பம் இருக்கும் கடதாசியில் செய்த கணக்கைப் பிள்ளை மறக்காது.

கேத்திரகணித நிறுவல்தான் பலருக்குப் பெரும் சுவர். இதற்குக் குறுக்குவழி கிடையாது. தேற்றங்களைச் சொற்களில் சொல்லத் தெரிய வேண்டும், உருவம் கீறத் தெரிய வேண்டும், ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் காரணம் எழுதத் தெரிய வேண்டும். நாளுக்கு ஒரு நிறுவல் போதும். ஏ எடுக்க விரும்பும் பிள்ளையும், கணிதப் பிரிவுக்குப் போக விரும்பும் பிள்ளையும் இதைத் தவிர்க்கக் கூடாது. ஏனென்றால் "ஏன்?" என்று கேட்டு ஒவ்வோர் அடியையும் நியாயப்படுத்தும் பழக்கம் இந்தப் பாடத்தில் இங்கேதான் முதலில் கிடைக்கிறது.

கடந்தகால வினாத்தாள்களைத் தரம் 11 இன் இரண்டாம் தவணைக்குப் பின்னர் செய்தால் போதும். அதற்கு முன் தொடங்கினால் படிக்காத பகுதிகளைக் கண்டு பிள்ளை சோர்ந்துவிடும். செய்யும்போது மணிக்கூட்டை வைத்துச் செய்யுங்கள். பரீட்சைத் திணைக்களத்தின் புள்ளித்திட்டத்தை எடுத்து, எந்தப் படிக்கு எத்தனை புள்ளி என்று பிள்ளையே திருத்தட்டும். விடை பிழைத்தாலும் வழிக்குப் புள்ளி உண்டு என்பதை அது கண்ணால் காண வேண்டும்.

படி 5: பரீட்சைக்கும் உயர்தரத்துக்கும் இடையில் ஒரு சோதனை

சாதாரண தரப் பரீட்சை முடிந்ததும் வரும் வாரங்கள் மிகப் பெறுமதியானவை. அண்மை ஆண்டுகளில் பெறுபேறு வருவதற்கு முன்னரே உயர்தர வகுப்புகள் தொடங்கிவிடுகின்றன. ஆகவே பெறுபேற்றைக் காத்திராமல் பிள்ளை தன்னைத் தானே சோதித்துப் பார்க்கலாம். கல்குலேட்டர் இல்லாமல், எவரிடமும் கேட்காமல், கீழுள்ள ஐந்தையும் செய்யட்டும்.

ஒன்று: ஒரு செவ்வகக் காணியின் நீளம் அகலத்தைவிட 3 மீற்றர் கூட, பரப்பளவு 40 சதுர மீற்றர். அகலத்தைச் சமன்பாடு அமைத்துக் காண்க. விடை 5 என்று ஊகிப்பது போதாது. இருபடிச் சமன்பாட்டை எழுதி, காரணிப்படுத்தி, −8 என்ற தீர்வை ஏன் விலக்குகிறோம் என்று ஒரு வரி எழுத வேண்டும்.

இரண்டு: √12 + √27 ஐச் சுருக்குக. விடை 5√3.

மூன்று: 1 ஐ (√3 − √2) ஆல் வகுத்தால் வருவதைப் பகுதியெண்ணில் சேடு (√ குறியுள்ள எண்) இல்லாமல் எழுதுக. விடை √3 + √2.

நான்கு: சமனிலி ஒன்றை மறை எண்ணால் பெருக்கும்போது குறி ஏன் திரும்புகிறது என்பதை ஓர் உதாரணத்துடன் விளக்குக.

ஐந்து: வட்டத்தின் மையத்தில் ஒரு வில் எதிரமைக்கும் கோணம், அதே வில் பரிதியில் எதிரமைக்கும் கோணத்தின் இருமடங்கு என்று நிறுவுக.

ஐந்தையும் செய்த பிள்ளை இணைந்த கணிதத்துக்குத் தயார். மூன்று செய்தால், இந்த வாரங்களில் காரணிப்படுத்தல், சேடுகள், சுட்டிகள், மடக்கைகள், அட்சரகணிதப் பின்னங்கள் ஆகியவற்றைத் தரம் 10, 11 பாடநூல்களிலிருந்து மீளச் செய்துவிட்டுப் போகலாம். ஒன்றும் ஓடவில்லை என்றால், பெறுபேற்றில் ஏ வந்தாலும் வேறு பிரிவைப் பற்றி அமைதியாகப் பேசுங்கள். இங்கே முக்கியமான குறிப்பு நான்காவது கேள்வி. செய்முறை தெரிந்து காரணம் தெரியாத பிள்ளைக்கு உயர்தரத்தின் முதல் தவணையிலேயே மூச்சு முட்டும்.

படி 6: எந்தப் பிரிவில் எவ்வளவு கணிதம்

கணிதப் பிரிவு என்றால் இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல். இரசாயனவியலுக்குப் பதிலாகத் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பவியலையும் எடுக்கலாம். ஆனால் அப்படி எடுத்தால் பொறியியல் பீடத்துக்கு விண்ணப்பிக்க முடியாது. கணினி விஞ்ஞானம், பௌதிக விஞ்ஞானம் போன்ற வழிகள் திறந்திருக்கும். பொறியியல் கனவு இருக்கும் வீட்டில் இதைத் தரம் 12 இன் முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும்.

உயிரியல் பிரிவில் கணிதம் தனிப் பாடமாக இல்லை. ஆனால் பௌதிகவியல் எடுக்கும் பிள்ளைக்குக் கணிதம் விடைகொடுத்துவிடாது. கணிதத்துக்குப் பயந்து உயிரியலுக்கு ஓடுவோர் பௌதிகவியல் வினாத்தாளில் அகப்பட்டுக்கொள்கிறார்கள்.

தொழில்நுட்பப் பிரிவு 2013 இல் தொடங்கியது. பொறியியல் தொழில்நுட்பவியல் அல்லது உயிர்முறைமைகள் தொழில்நுட்பவியல், அதனுடன் தொழில்நுட்பவியலுக்கான விஞ்ஞானம், மூன்றாவதாக ஒரு பாடம். தொழில்நுட்பவியலுக்கான விஞ்ஞானத்தில் கணிதம் ஒரு பெரும் பங்கு வகிக்கிறது. ஆனால் இணைந்த கணிதத்தின் ஆழம் இல்லை. கைவேலையில் நாட்டமும் கணிதத்தில் பீ, சீ மட்டமும் உள்ள பிள்ளைக்கு இது மிகப் பொருத்தமானது. இதைக் கணிதப் பிரிவுக்குப் போக முடியாதவர்களின் இடம் என்று பார்க்கும் மனப்பான்மை எங்களிடம் இருக்கிறது. அது பிழையான பார்வை. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடத்துக்கு அருகிலேயே தொழில்நுட்ப பீடமும் இயங்குகிறது. வவுனியா பம்பைமடுவில் இருக்கும் வவுனியாப் பல்கலைக்கழகம் 2021 ஆகஸ்ட் 1 இல் தனிப் பல்கலைக்கழகமானது. அங்கும் பிரயோக விஞ்ஞான பீடம், வணிகக் கற்கைகள் பீடம் ஆகியவற்றோடு தொழில்நுட்பக் கற்கைகள் பீடம் உண்டு.

வர்த்தகப் பிரிவில் கணக்கீடு, வணிகக் கல்வி, பொருளியல் வழமையான மூன்று. வணிகப் புள்ளிவிபரவியல் கற்பிக்கும் பாடசாலை கிடைத்தால், எண்களை விரும்பும் பிள்ளை அதை எடுக்கலாம். கலைப் பிரிவிலும் கணித மனம் வீணாவதில்லை. அளவையியலும் விஞ்ஞான முறையும், புவியியல், பொருளியல் மூன்றும் சேர்ந்த தெரிவு மிக வலுவானது. நிறுவலை ரசித்த பிள்ளைக்கு அளவையியல் நன்றாகப் பிடிக்கும்.

படி 7: பிரிவைவிடப் பாடசாலையையும் ஆசிரியரையும் பாருங்கள்

வன்னியில் இதுதான் முடிவைத் தீர்மானிக்கும் காரணி. விஞ்ஞான, கணித உயர்தரப் பிரிவுகள் 1 ஏபி வகைப் பாடசாலைகளில்தான் இருக்கின்றன. 1 சீ வகையில் கலையும் வர்த்தகமும் இருக்கும். இரண்டாம் வகை தரம் 11 உடன் முடிகிறது. நெடுங்கேணி, ஒட்டுசுட்டான், துணுக்காய், மடு பக்கத்துக் கிராமப் பிள்ளைகள் பலருக்குக் கணிதப் பிரிவு என்றால் ஊரை விட்டு இன்னோர் இடத்துக்குப் போவது என்று பொருள்.

பாடசாலையைத் தெரிவு செய்யுமுன் அதிபரிடம் நேரே போய்க் கேளுங்கள். இணைந்த கணிதத்துக்கு நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா? தூய கணிதத்துக்கும் பிரயோக கணிதத்துக்கும் வெவ்வேறு ஆசிரியர்களா? பௌதிகவியலுக்கு, இரசாயனவியலுக்கு ஆள் உண்டா? சென்ற ஆண்டு எத்தனை பேர் அந்தப் பிரிவில் தோற்றினார்கள்? இப்படிக் கேட்பது மரியாதைக் குறைவல்ல. அதிபர் ஐயாவோ அம்மாவோ, அக்கறையோடு கேட்கும் பெற்றோரை மதிப்பார்கள். ஆசிரியர் வெற்றிடம் இருந்தால் வலயக் கல்வி அலுவலகத்தில் கணித ஆசிரிய ஆலோசகரைச் சந்தித்து, எப்போது நிரப்பப்படும் என்று விசாரியுங்கள்.

பயணத்தையும் கணக்கில் எடுங்கள். காலையும் மாலையும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய்வரும் பிள்ளைக்கு இரவில் இணைந்த கணிதம் செய்யத் தெம்பு இருக்காது. உறவினர் வீட்டிலோ விடுதியிலோ நிற்க வழியுண்டா என்று முதலிலேயே பேசி முடியுங்கள். பெண் பிள்ளைகளின் கணிதப் படிப்பு பல வீடுகளில் இந்தப் போக்குவரத்துக் கேள்வியிலேயே நின்றுவிடுகிறது. திறமையில்லாமல் நிற்கும் பிள்ளைகளைவிடக் கடைசிப் பஸ்ஸுக்காக நிற்கும் பிள்ளைகள் அதிகம் என்றே நான் நினைக்கிறேன். இரண்டு மூன்று பெற்றோர் சேர்ந்து நகரில் ஓர் அறை எடுத்துப் பிள்ளைகளை ஒரு பாட்டியோடு விடும் ஏற்பாடு நல்ல பயனைத் தரும்.

யாழ்ப்பாணத்துக்கு அனுப்பலாமா என்ற கேள்வியும் வரும். அதற்கு முன் ஒரு விடயம். பல்கலைக்கழக அனுமதியில் கணிதப் பிரிவு உட்படப் பெரும்பாலான துறைகளில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகை அடிப்படையிலும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் நான்கும் அந்தப் பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் உள்ளவை. பிள்ளையின் மாவட்டம் எது என்பது, பரீட்சைக்கு முந்திய மூன்று ஆண்டுகளில் எந்த மாவட்டப் பாடசாலையில் படித்தார் என்பதை வைத்தே தீர்மானிக்கப்படுகிறது. இடம் மாறினால், அனுமதிக்குத் தேவையான மிகக் குறைந்த இசட் புள்ளியான வெட்டுப்புள்ளியும் மாறும். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதிக் கைநூலைத் தமிழில் வாங்கிப் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

படி 8: இணைந்த கணிதத்தில் எப்படி முன்னேறுவது

வினாத்தாள் இரண்டு, ஒவ்வொன்றும் மூன்று மணித்தியாலம். முதலாவது தூய கணிதம், இரண்டாவது பிரயோக கணிதம். ஒவ்வொன்றிலும் பகுதி அ இல் 10 வினாக்கள், எல்லாவற்றுக்கும் விடை எழுத வேண்டும்; ஒவ்வொன்றுக்கும் 25 புள்ளி. பகுதி ஆ இல் ஏழில் ஐந்து; ஒவ்வொன்றுக்கும் 150. மொத்தம் 1000. கல்குலேட்டர் கிடையாது.

தரம் 12 இன் முதல் தவணையில் பல்லுறுப்பிகள், இருபடிச் சமன்பாடுகள், பகுதிப் பின்னம், சமனிலிகள், திரிகோணகணிதம். பிரயோகத்தில் காவிகளும் நிலையியலும். இந்தத் தவணையில் 30, 40 புள்ளி வாங்குவது இயல்பு. சாதாரண தரத்தில் ஏ வாங்கிய பிள்ளை அந்தத் தாளைக் கண்டு அழும். பதறி உடனே பிரிவை மாற்றாதீர்கள். இரண்டாம் தவணை முடியும்வரை பொறுங்கள். அப்போது பார்க்க வேண்டியது புள்ளியை அல்ல: விடை பார்க்காமல் ஒரு வினாவோடு அரை மணித்தியாலம் மல்லுக்கட்டப் பிள்ளைக்கு மனம் இருக்கிறதா என்பதை. இருந்தால் தொடரலாம். புத்தகத்தைக் கண்டாலே ஒளிந்துகொள்கிறது என்றால் அப்போது பேசலாம்.

திரிகோணகணிதத்தையும் வகையீட்டையும் ஒருபோதும் அரைகுறையாக விட்டுவிட்டு நகரக் கூடாது. தொகையீடு முழுவதும் இவ்விரண்டின் மேல் நிற்கிறது. இயக்கவியலில் சார்பு வேகம், எறியம், எளிய இசை இயக்கம் ஆகியவற்றில் படம் கீறாமல் ஒரு வரிகூட எழுதக் கூடாது. விசைகளை அம்புக்குறியிட்டுக் குறித்த ஒரு தெளிவான படம் பாதிக் கணக்கு. இயந்திரவியல் பௌதிகவியலிலும் வருவதால் அங்கே செய்த உழைப்பு இரண்டு பாடங்களில் பலன் தரும்.

வாரத்தில் ஒரு பகுதியைப் புதிதாகப் படியுங்கள். முன் படித்த இரண்டு பகுதிகளிலிருந்து சில வினாக்களை மீளச் செய்யுங்கள். ஆறு மாதத்துக்கு முன் படித்த பகுதிப் பின்னத்தைத் தொடாமல் விட்டவர்கள் தொகையீட்டுக்கு வந்ததும் தடுமாறுவார்கள். தனியாக ஒரு பிழைக் கொப்பி வைத்திருங்கள். செய்த பிழை, அது ஏன் வந்தது, சரியான வழி என்று மூன்றையும் எழுதுங்கள். பரீட்சைக்கு முந்திய மாதத்தில் வேறு எதையும்விட இந்தக் கொப்பி உதவும்.

வளங்களைப் பொறுத்தவரை, தேசிய கல்வி நிறுவகத்தின் ஆசிரியர் வழிகாட்டிகளும் இணைந்த கணித வள நூல்களும் தமிழில் இலவசமாகக் கிடைக்கின்றன. தொண்டைமானாறு வெளிக்கள நிலையத்தின் தவணைப் பரீட்சை வினாத்தாள்கள் வடமாகாணப் பிள்ளைகளுக்கு நன்கு பழக்கமானவை. அவற்றின் தரம் உயர்ந்தது. மூத்த மாணவர்களிடம் பழைய ஆண்டுகளின் தாள்களைக் கேட்டு வாங்கிச் சேர்த்து வையுங்கள்.

சித்திக்கு மட்டும் முயலும் பிள்ளைக்கு ஒரு கணக்கு: பகுதி அ இல் எட்டு வினாக்களை முழுமையாகச் செய்தால் 200. பகுதி ஆ இன் ஐந்து வினாக்களிலும் தெரிந்த உட்பகுதிகளை எழுதி ஒவ்வொன்றிலும் 30 எடுத்தால் 150. ஆக 350; அது 35 புள்ளி, எஸ். எந்த வினாவையும் வெற்றுத்தாளாக விடக் கூடாது என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம்.

படி 9: நினைத்தபடி நடக்காவிட்டால்

சாதாரண தரத்தில் கணிதம் தவறினால் மறுமுறை எழுதலாம். அந்த இடைவெளியில் 13 வருட உத்தரவாதக் கல்வித் திட்டத்தின் தொழில்சார் பிரிவு இருக்கும் பாடசாலை அருகில் உண்டா என்று பாருங்கள். அதற்குச் சாதாரண தரச் சித்தி தேவையில்லை. தேசிய தொழிற்றகைமை எனப்படும் சான்றிதழ் முறை ஏழு மட்டங்களைக் கொண்டது. ஏழாவது மட்டம் பட்டத்துக்குச் சமமானது. கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கும் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகம் இந்த வழியில் வருவோருக்கு நல்ல இடம்.

உயர்தரத்தை மூன்று முறை எழுதலாம். பல்கலைக்கழகத்துக்குத் தகுதி பெற மூன்று பாடங்களிலும் ஒரே தடவையில் குறைந்தது எஸ் வேண்டும். உயர்தரத்தோடு சேர்த்து எழுதும் பொதுச் சாதாரணப் பரீட்சையில் 30 புள்ளியும் வேண்டும். இரண்டாம் முறை எழுதும் பிள்ளை புதிய தனியார் வகுப்புத் தேடி அலைவதைவிட, முதல் முறை எழுதிய வினாத்தாளை எடுத்து எந்தப் பகுதி ஆ வினாக்களைத் தொடவேயில்லை என்று குறித்துக்கொண்டு அங்கிருந்து தொடங்குவது நல்லது. இசட் புள்ளி பல்கலைக்கழகத்துக்குப் போதாதபோது தேசிய கல்வியியல் கல்லூரிகளின் கணித ஆசிரியர் கற்கைநெறி இருக்கிறது. வவுனியாவிலேயே அப்படியொரு கல்லூரி உண்டு. வன்னியின் கிராமப் பாடசாலைகளுக்கு ஊரிலேயே நிற்கக்கூடிய கணித ஆசிரியர்கள் வேண்டும். அந்த வழியை இரண்டாந்தரமாக எண்ண வேண்டாம் என்று மன்றாடிக் கேட்கிறேன்.

உயர்தரப் பரீட்சை அண்மைக் காலமாக மாரியில் வருகிறது. 2024 நவம்பரிலும் 2025 நவம்பரிலும் சீரற்ற காலநிலையால் பரீட்சை நடுவில் நிறுத்தப்பட்டுப் பின்னர் தொடர்ந்தது. வீட்டிலிருந்து நிலையத்துக்கு வரும் பாதையில் வெள்ளம் மூடும் இடம் இருந்தால் பரீட்சைக் காலத்தில் நிலையத்துக்குப் பக்கத்தில் தங்க இப்போதே ஒரு வீடு பார்த்து வையுங்கள். அனுமதி அட்டை, அடையாள அட்டை, பிழைக் கொப்பி மூன்றையும் நீர் புகாத பையில் போட்டு வையுங்கள். பரீட்சை தள்ளிப்போனால் புதிய பகுதி எதையும் தொடங்காமல், நாளுக்கு ஒரு முழு வினாத்தாளை மணிக்கூடு வைத்துச் செய்துகொண்டிருங்கள்.